அப்பாவின் அலுமினியச் சிலுவை

என் அப்பா கே. இராஜமாணிக்கம் முப்பத்தொரு வருடம் விமானங்களில் எண் எழுதினார். பெங்களூர் விமானத் தொழிற்சாலையில் பெயின்ட் ஷாப். இறக்கையில் வட்டம், வாலில் மூவர்ணப் பட்டை, 'இங்கே மிதிக்காதே' என்ற எச்சரிக்கை, எல்லாம் அவர் கை. எட்டாம் வகுப்பு வரை படித்தவர். 1993இல் ஓய்வு பெற்றார். 2003 பிப்ரவரியில் இறந்தார். கடைசிச் சில வருடங்கள் அவருக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. தன் பெயர் ஒரு புத்தகத்தில் அச்சாக வேண்டும். அதை நான் கெடுத்தேன்.

கிளாரன்ஸ் அங்கிளிலிருந்து தொடங்க வேண்டும். அவர் அதே ஷாப்பில் இன்ஸ்பெக்டர். அப்பா எழுதிய எண்ணை ஸ்கேல் வைத்து அளப்பார். நூலிழை விலகியிருந்தாலும் "துடை மேன்" என்பார். அப்பா துணியில் தின்னர் நனைத்து முழுப் பட்டையையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். 1971இல் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஷாப் போனில் அப்பாவுடைய அண்ணன் இறந்த செய்தி வந்தது. அன்று ஒரு வால் பட்டை தள்ளுபடி ஆகியிருந்தது. "முடிச்சுட்டுப் போ" என்றார் கிளாரன்ஸ். அப்பா துடைத்து, மாஸ்கிங் டேப் ஒட்டி, அடித்து, காயவைத்து, முத்திரை வாங்கிக்கொண்டு மாலை ஆறுக்குச் சுடுகாட்டுக்குப் போனார். சாம்பல்தான் இருந்தது.

இதை அவர் வீட்டில் ஒரே ஒரு முறை சொன்னார். குரலில் கோபம் இல்லை. அளவு சொல்வதுபோலச் சொன்னார்.

டிராயிங் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்ற ஓஸ்வால்ட் என்பவர் காக்ஸ் டவுனில் இருந்தார். பிளாஸ்டிக் விமான மாடல் செய்வார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அவர் வீட்டு ஹாலில் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். திரையில் ஸ்லைடு ஓடும். பழைய போர் விமானங்களின் படங்கள். அதிலும் 1944, 45இல் ஜெர்மானியர் பறக்கவிட்ட ஜெட், மெஸ்ஸர்ஷ்மிட் 262 என்றால் இவர்களுக்கு உயிர். விமானம் எது என்பது கேள்வியே அல்ல. அது எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தது என்பதுதான் கேள்வி. குண்டுவீச்சுப் பிரிவு என்றால் மூக்கு நுனியின் நிறத்தைப் பார்ப்பார்கள். எதிரி விமானங்களைத் துரத்தும் வேட்டைப் பிரிவு என்றால் வால் பக்கம் உடம்பைச் சுற்றியிருக்கும் பட்டை. ஏழாம் வேட்டைப் பிரிவுக்கு நீலமும் சிவப்பும். அதற்கு முன்னால் அந்த ஜெட்டை முதன்முதலில் சண்டைக்கு ஓட்டிப் பார்த்த சோதனைக் குழுவுக்கு மஞ்சள். படங்களோ கறுப்பு வெள்ளை. ஆகவே சண்டை ஓயாது.

1991இல் அப்பாவை அங்கே கூப்பிட்டது மாடல்களுக்கு ஸ்ப்ரே அடிக்க. கூலி கிடையாது, டீயும் கேக்கும். வராந்தா பக்கம் ஒரு ஸ்டூல். ஸ்லைடு ஓடும்போது அங்கிருந்தே பார்ப்பார். ஒரு நாள் வாய் திறந்தார். சொன்னது சரியாக இருந்தது. அதற்குப் பிறகு ஸ்டூல் ஹாலுக்குள் வந்தது. நாற்காலி ஆகவில்லை.

கூட்டத்தில் ஒரு வழக்கம். தவறாகச் சொன்னவர் கழுத்தில் ஒரு சிலுவை மாட்டிக்கொள்ள வேண்டும். ஜெர்மன் விமான இறக்கையில் இருக்குமே, நான்கு கையும் ஒரே நீளமான பட்டைச் சிலுவை, அது. அலுமினியத் தகட்டில் வெட்டிக் கறுப்பு அடித்துக் கயிறு கோத்துக் கொடுத்ததே அப்பாதான். அடுத்து ஒருவர் தவறும் வரை கழற்றக் கூடாது. மற்ற உறுப்பினர்கள் டீ முடியும்வரை மட்டும் மாட்டிக்கொண்டு, போகும்போது கதவோரக் கொக்கியில் தொங்கவிட்டுப் போவார்கள். அப்பா கழற்றமாட்டார். விதி விதிதான். காக்ஸ் டவுனிலிருந்து அல்சூருக்கு பஸ்ஸில் அதோடு வருவார்.

முதல் முறை வந்தபோது பக்கத்து வீட்டு அன்னம்மாள் ஆன்ட்டி குழாயடியில் இருந்தார்.

"இன்னாண்ணா, ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்கா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"அது வேற சிலுவை."

"அதான் பாத்தேன். எங்குளுது கீழ நீளமா இருக்கும். இது இன்னா, கட்டை குட்டையா? சாமி மாட்டிக்க எடமே இல்லியே!"

குழாயடி முழுக்கச் சிரித்தது. அம்மா உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். "மானம் போவுது. அவுத்துப் போடுய்யா."

"தப்பு பண்ணேன். போட்டிருக்கேன். உனக்கின்னா பேஜாரு?"

அந்த மாதம் முழுவதும் அதோடுதான் வேலைக்குப் போனார். ஷாப்பில் எல்லோரும் சிரித்தார்கள். கிளாரன்ஸ் அதிகம் சிரித்தார்.

கிளாரன்ஸும் அந்தக் கூட்டத்தில் உண்டு. 1996 ஜூலையில் அவர் ஒரு படத்தைத் தவறாகச் சொன்னார். சிலுவை அவருக்குப் போனது. "கொக்கில மாட்டாதீங்க சார். எட்த்துனு போங்க" என்றார் அப்பா. கிளாரன்ஸுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கொண்டுபோனார். அந்தப் புதன்கிழமை அவர் மனைவி இறந்தார். திடீரென்று, சமையலறையில். ஓசூர் ரோடு கல்லறையில் அடக்கம். அப்பாவோடு நானும் போயிருந்தேன். குழிக்கு மண் போட்டுவிட்டு ஒவ்வொருவராகக் கை கொடுத்தார்கள். அப்பாவும் கை கொடுத்தார். கையை விடாமல் கேட்டார்:

"சிலுவை எங்க சார்?"

நான் அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். அவர் நகரவில்லை. கிளாரன்ஸ் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டை முடிச்சைத் தளர்த்தினார். சட்டைக்குள் கயிறு தெரிந்தது.

"இருக்கு மேன்."

அப்பா தலையாட்டிவிட்டு வந்தார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. பேசாததை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஆகஸ்ட் கூட்டத்தில் ஓஸ்வால்ட் வேண்டுமென்றே ஒரு படத்தைத் தப்பாகச் சொன்னார், கிளாரன்ஸுக்கு விடுதலை கொடுக்க. அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாராம். "அது உங்குளுக்குத் தெரியும் சார். தெரிஞ்சே சொன்னா செல்லாது." கிளாரன்ஸ் நவம்பர் வரை சுமந்தார்.

1999இல் இங்கிலாந்திலிருந்து ஒருவர் ஓஸ்வால்டுக்கு எழுதினார். அந்த ஜெட்டின் படைக்குறிகள் பற்றி ஒரு புத்தகம் தயாரிக்கிறார். வெளிவராத படம் ஏதும் உண்டா? இருந்தது. கிளாரன்ஸின் மாமா ஒருவர் பிரிட்டிஷ் விமானப்படையில் ஃபிட்டர். 1945 மே மாதம் வட ஜெர்மனியில் ஒரு விமானத் தளத்தில் உடைந்து கிடந்த 262 ஒன்றைப் படம் எடுத்திருந்தார். மூக்கு இல்லை. எண் பாதி எரிந்திருந்தது. வால் பக்கம் பட்டை மட்டும் இருந்தது. பட்டையின் முன்பாதி வெளிர், பின்பாதி கறுப்பு. எந்தப் பிரிவு என்று சொல்பவர் பெயரைப் படத்துக்குக் கீழே போடுவதாகப் புத்தகக்காரர் எழுதியிருந்தார்.

கூட்டத்தில் அந்தப் படத்தைக் காட்டியதும் சீனிவாசராகவன் சார் உடனே சொன்னார். அவர் ஓய்வுபெற்ற விஞ்ஞானி, மல்லேஸ்வரம், ஜெர்மன் படிப்பார். "இதுல என்ன யோசனை? முன்னால நீலம், பின்னால சிவப்பு. ஏழாம் பிரிவு. எழுதி அனுப்புங்கோ."

"இல்ல சார்" என்றார் அப்பா. "இது ஒரே கலரு. மஞ்சப் பட்டை. முன்பாதியத் தொடச்சிட்டான். பின்பாதியத் தொடைக்கிறதுக்குள்ள போயிட்டான்."

"யார் போயிட்டான்?"

"பெயின்டரு."

சிரித்தார்கள். "ஐம்பத்துநாலு வருஷம் முன்னால ஜெர்மனியில பெயின்டர் எங்க போனான்னு அல்சூர் பெயின்டருக்குத் தெரியறது பாருங்கோ. டீ குடிக்கப் போயிருப்பானோ?"

அப்பா சிரிக்கவில்லை. அவருக்கு அது நிச்சயம். முப்பத்தொரு வருடம் 'துடை மேன்' கேட்ட கை. சோதனைக் குழு கலைந்து அதன் விமானங்கள் ஏழாம் பிரிவுக்குப் போயின. மஞ்சளை அழித்து நீலமும் சிவப்பும் அடிக்க வேண்டியிருந்தது. அந்த வேலை பாதியில் நின்ற விமானம் இது. அன்றிரவு ஓர் அட்டையில் தன் பெயருக்கு ஸ்டென்சில் வெட்டினார். K. RAJAMANICKAM, PAINTER (RETD.), ULSOOR, BANGALORE. வெள்ளைத் தாளில் அடித்து ஓஸ்வால்டிடம் கொடுத்தார், புத்தகக்காரருக்கு அனுப்ப. முப்பத்தொரு வருடம் எண் எழுதியவர் தன் பெயரை அப்படி எழுதியது அதுதான் முதல் முறை. ஓஸ்வால்ட் வாங்கி வைத்துக்கொண்டார். "முதல்ல முடிவாகட்டும் மேன்."

முடிவு என்னிடம் வந்தது. நான் அப்போது வைட்ஃபீல்டில் வேலை. ஸ்கேன், எக்ஸ்ரே படங்களைக் கணினியில் அலசும் மென்பொருள். அப்பா படத்தைப் பழைய நாட்காட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தார்.

"சிந்து, உங்க ஆபீஸ் மிசின்ல பாரு. கலரப் பாக்காத. அந்த ரெண்டு பாதியும் சேர்ற ஓரத்தப் பாரு. ஓரத்த மட்டும் பாரு."

நான் ஓரத்தைப் பார்க்கவில்லை. சாம்பல் அளவை எடுத்தேன். விமானத்திலிருந்த சிலுவையின் கறுப்பைப் பூஜ்யம் என்றும் அதன் வெள்ளைக் கோட்டை 255 என்றும் வைத்தேன். கறுத்த பாதி 58. வெளிர் பாதி 171. வழக்கமான கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மஞ்சள் வெளிரித்தான் விழும். 58 மஞ்சளாக இருக்க முடியாது. சிவப்பு. பதினைந்து நிமிட வேலை.

நவம்பர் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். அப்பா ஸ்டூலில். வரைபடத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தேன். ஆங்கிலத்தில் விளக்கினேன். அப்பாவுக்குப் பாதி புரிந்திருக்கும். முடித்ததும் தமிழில் கேட்டார்:

"ஓரம் பாத்தியா?"

"அவசியமில்லப்பா. நம்பரே சொல்லுது."

"ஓரம் பாத்தியான்னு கேட்டேன்."

"அப்பா, தெரியாத விஷயத்துல பிடிவாதம் பிடிக்காதீங்க."

அங்கே, அவர்கள் முன்னால், அப்படிச் சொன்னேன். சீனிவாசராகவன் சார் கொக்கியிலிருந்து சிலுவையை எடுத்து வந்தார். "வெளியார் யாரும் சொல்லலை, உங்க பொண்ணே சொல்லிட்டா. கழுத்தை நீட்டுங்கோ." அப்பா நீட்டினார். ஓஸ்வால்ட் பெயர்த்தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதை நான்தான் கைப்பையில் வைத்துக்கொண்டேன், கசங்கக் கூடாதென்று. பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். சிலுவை சட்டைக்கு மேலே கிடந்தது.

டிசம்பரில் கூட்டம் இல்லை. ஜனவரியில் ஓஸ்வால்ட் வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்க ஆஸ்திரேலியா போனார். அதோடு கூட்டமும் முடிந்தது. அடுத்துத் தவறு செய்ய ஆள் இல்லை. ஆகவே சிலுவை அப்பா கழுத்திலேயே இருந்தது. குளிக்கும்போது கழற்றி ஆணியில் மாட்டுவார். துவட்டிக்கொண்டு மறுபடி போட்டுக்கொள்வார். அம்மா திட்டி ஓய்ந்தாள்.

2000 மார்ச் 14. புத்தகக்காரரிடமிருந்து எனக்கு மின்னஞ்சல் வந்தது. என் அறிக்கையை ஓஸ்வால்ட் அனுப்பியிருந்தார். புத்தகக்காரர் கிளாரன்ஸிடமிருந்து நெகடிவையும் வாங்கியிருக்கிறார். நெகடிவ் பழைய வகை ஃபிலிம். அதில் சிவப்பும் கறுக்கும், மஞ்சளும் கறுக்கும். ஆகவே சாம்பல் அளவு எதையும் தீர்மானிக்காது. இரண்டு பாதிகளும் சேரும் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியுமா என்று கேட்டு, நெகடிவின் ஸ்கேனை இணைத்திருந்தார்.

பார்த்தேன். நீலத்தையும் சிவப்பையும் பிரிக்க டேப் ஒட்டினால் ஓரம் கத்திக்கோடாக விழும். இங்கே கோடு இல்லை. வளைவு வளைவாகத் துடைத்த தடம். ஒரு மனிதக் கையின் வீச்சு. ஏழு வளைவுகள். ஏழாவது பாதியில் நின்றது. வெளிர் பாதி 171. பக்கத்தில் பட்டை அடிக்காத விமான உடம்பு 168. இரண்டும் ஒன்றே. அந்த 168 என் பழைய தாளிலும் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்திருக்கவில்லை. போதாததற்கு, நான் நினைத்த வழக்கமான ஃபிலிமாக இருந்தால் நீலமும் கறுத்திருக்கும், 171 வரவே வராது. என் எண்ணே என்னைப் பொய் என்று சொல்லியிருந்தது.

படத்தைப் பெரிதாக்கி, அம்புக்குறி போட்டு, 'எங்கள் குழுவின் திருத்திய கருத்து' என்று எழுதி அனுப்பினேன். அப்பா பெயரை எழுதவில்லை. பிறகு எழுதலாம் என்று நினைத்தேன். அன்று மாலை வீட்டுக்குப் போனேன். அவர் பனியனோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கழுத்தில் சிலுவை. "இன்னிக்கு சீக்கிரமா?" என்றார். "ஆமாம்பா" என்றேன்.

மூன்று வருடம் சொல்லவில்லை. சொன்னால் ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பார். ஒரு நாள் தள்ளியது ஒரு வாரமானது. வாரம் மாதமானது. அதற்குமேல் காரணம் எதுவும் கிடையாது.

2002இல் அவர் நுரையீரல் கெட்டது. ஷாப்பில் முகமூடி இருந்தது. கோட்டை மறைக்கிறது என்று அவர் போட்டதில்லை. எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் கயிற்றைக் கழற்றச் சொன்னார்கள். மறுத்தார். டெக்னீஷியன் கன்னடத்தில் கத்தினான். அப்பாவும் கன்னடத்திலேயே கத்தினார். கடைசியில் அப்படியே எடுத்தார்கள். படம் என் கைக்கு வந்தது. மெல்லிய அலுமினியம் மங்கலாகத்தான் விழும். ஓரம் மட்டும் தெளிவாக விழுந்திருந்தது, இரண்டு நுரையீரலுக்கும் நடுவில்.

2003 ஜனவரி கடைசியில் என் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. நான் ஆபீஸில், அப்பா மருத்துவமனையில். அம்மா அதைப் பிரித்து, "பிளேன் புக்குய்யா" என்று மருத்துவமனைக்கே கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டாள். நான் போனபோது மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு, மடியில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தார். 112ஆம் பக்கம். எழுத்துக்கூட்டி ஆங்கிலம் படிப்பார். படத்துக்குக் கீழே இருந்த வரியில் விரல் வைத்திருந்தார். மஞ்சள் பட்டை, சோதனைக் குழு, பாதி துடைக்கப்பட்டது. கண்டறிந்தவர்: ஆர். சிந்து, பெங்களூர்.

"பேரு கரெக்டா போட்டிருக்கான்" என்றார்.

விரலை அங்கிருந்து எடுக்காமலே கேட்டார்:

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டாயிரம் மார்ச்."

கணக்குப் போட்டார். மூச்சு வாங்கியதால் நேரம் எடுத்தது. "மூணு வருசம். தெனம் என்னப் பாத்துனுதானே இருந்த?"

"ஆமாம்பா."

"நல்லா அளக்கறே." இருமினார். பிறகு இரண்டு கையாலும் கயிற்றைத் தலை வழியாகத் தூக்கினார். குழாயில் சிக்கியது. நான் உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டார். எடுத்து முடித்ததும் சொன்னார்:

"குனி."

குனிந்தேன். மாட்டினார். உலோகம் உடம்புச் சூட்டோடு இருந்தது. கறுப்பு பெயின்ட் உரிந்து பெரும்பகுதி வெள்ளையாகிவிட்டிருந்தது.

"அப்பா, அடுத்த பதிப்புல உங்க பேர மாத்தச் சொல்லி..."

"ஆட்டோல போவாத. பஸ்ல போ. மேல போட்டுக்க."

முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ்ஸில்தான் போனேன். நின்றுகொண்டே. எல்லோரும் பார்த்தார்கள்.

நான்காம் நாள் விடியற்காலை இறந்தார். அந்த மூன்று நாளும் நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மாவிடம் தண்ணீர் கேட்டார், நர்சிடம் பேப்பர் கேட்டார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

கல்பள்ளி மின்மயானத்துக்குக் கிளாரன்ஸ் அங்கிள் வந்தார். கைத்தடி, பழைய கோட்டு. அப்பாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார். இரும்புக் கதவு மூடியதும் என்னிடம் வந்து கையைப் பிடித்தார். அவர் கேட்கப் போவது எனக்குத் தெரிந்திருந்தது. சால்வையை விலக்கினேன்.

"இருக்கு அங்கிள்."

எதற்காக என்று அவர் கேட்கவில்லை. நான் சொன்னேன். எல்லாவற்றையும், தேதியோடு. கேட்டுக்கொண்டு நின்றார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு,

"கண்ணு ரெண்டும் போச்சும்மா எனக்கு" என்றார். "காட்டராக்ட். ஏதாச்சும் ஒரு படம் காட்டேன். நெஜமாவே தப்பாத்தான் சொல்லுவேன். வேணும்னு இல்ல. செல்லும்."

கைப்பையில் புத்தகம் இருந்தது. அதற்குள் அப்பா ஸ்டென்சில் அடித்த பெயர்த்தாள் மடித்தபடி இருந்தது.

"படம் எதுவும் இல்ல அங்கிள்" என்றேன்.